லிஃப்ட் ஆபரேட்டர் தந்த டிப்ஸ்... 120 வாரச் சம்பளத்தை இழந்த காமெடி மன்னன்! யார் இந்த க்ரௌச்சோ மார்க்ஸ்?

மார்க்ஸ் என்றதும் நம் ஊரில் தாடி வைத்த கார்ல் மார்க்ஸ்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் சினிமா ரசிகர்களிடம் அதே பெயரைச் சொன்னால், கையில் சுருட்டு, மூக்கில் கண்ணாடி, மையால் வரைந்த மீசையோடு இன்னொருவர் வந்து நிற்பார். அவர்தான் க்ரௌச்சோ மார்க்ஸ். மூலதனம் பற்றி அவர் பெரிய புத்தகம் எதுவும் எழுதவில்லை. ஆனால் தன்னிடம் இருந்த மூலதனம் முழுவதையும் பங்குச் சந்தையில் தொலைத்த கதையை, படிப்பவர் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி எழுதியிருக்கிறார்.

1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது லட்சக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். அவர்களில் பலர் நிபுணர்கள் இல்லை. சலூனிலும் நாடக மேடைக்குப் பின்னாலும் ஹோட்டல் லிஃப்டிலும் காதில் விழுந்த பேச்சை நம்பி பணம் போட்டவர்கள். க்ரௌச்சோவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஊரையே கிண்டல் செய்த மனிதர், ஊர்ப்பேச்சை எப்படி நம்பினார்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய சின்ன வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

தையல்காரர் வீட்டுப் பையன்

1890 அக்டோபர் 2-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜூலியஸ் ஹென்றி மார்க்ஸ். அப்பா சாம், பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலிருந்து வந்த யூதர். தொழில் தையல். ஆனால் அளவு நாடாவைத் தொடமாட்டார். கண் பார்வையிலேயே அளவெடுத்துத் தைப்பார். அதனால் அவரிடம் துணி தைத்தவர்களைத் தெருவில் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் பிற்காலத்தில் கேலி செய்வார்கள். வீட்டில் சமையலும் அவர்தான். அது மட்டும் பிரமாதமாக இருக்குமாம்.

அம்மா மின்னி ஜெர்மனியிலிருந்து வந்தவர். அவருடைய தம்பி ஆல் ஷீன் மேடை நகைச்சுவை நடிகர். தம்பி கை நிறையச் சம்பாதிப்பதைப் பார்த்த மின்னி, தன் பிள்ளைகளையும் மேடையேற்றியே தீருவது என்று முடிவு செய்தார். சிக்கோ, ஹார்ப்போ, க்ரௌச்சோ, கம்மோ, செப்போ என்று ஐந்து பேர். இவையெல்லாம் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள்தான்.

க்ரௌச்சோவுக்கு டாக்டராக ஆசை. வீட்டில் வசதியில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. அந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாகவே இருந்தார்.

1905-இல், பதினைந்து வயதை எட்டும் முன்பே, லெராய் என்பவர் நடத்திய மூவர் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடப் போனார். கொலராடோ மாநிலத்தின் கிரிப்பிள் க்ரீக் என்ற சுரங்க ஊரில் லெராய் அவரை விட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். கையில் காசில்லை. வீடோ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கேயே மளிகைக் கடைக் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். கடைசியில் அம்மா பணம் அனுப்பித்தான் ஊர் திரும்ப முடிந்தது.

பணம் என்பது எந்த நிமிடமும் காணாமல் போகக்கூடியது என்ற பயம் அந்த வயதிலேயே அவருக்குள் உட்கார்ந்துவிட்டது.

கழுத்தில் தொங்கிய பணப்பை

க்ரௌச்சோ என்ற பெயர் வந்ததற்கும் பணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பார்கள். 1914-இல் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒரு சீட்டாட்டத்தின்போது, ஆர்ட் ஃபிஷர் என்ற மேடைக் கலைஞர் சகோதரர்களுக்கு இந்தப் பட்டப்பெயர்களைச் சூட்டினார். எப்போதும் சிடுசிடுவென்று இருப்பதால் க்ரௌச்சோ என்று வைத்தார் என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கமும் இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றும் மேடைக் கலைஞர்கள், சம்பளப் பணம் திருடு போகாமலிருக்க ஒரு சிறிய பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அதற்கு க்ரௌச் பை என்று பெயர். காசை இறுகப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தால்தான் இந்தப் பெயர் வந்தது என்பது அந்தக் கட்சியின் வாதம்.

அண்ணன் சிக்கோ இதற்கு நேரெதிர். கையில் காசு நிற்காது. சீட்டு, குதிரை, பகடை என்று எதையும் விடமாட்டார். தம்பி க்ரௌச்சோ அப்படிச் சூதாடியதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வங்கியில் போட்டு, சேர்த்துச் சேர்த்து வைத்தார். கதையின் வேடிக்கையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. சூதாட்டம் பிடிக்காத தம்பிதான் 1929-இல் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்.

மேடையில் கிண்டல், கீழே முதலீடு

இருபது ஆண்டுகள் சின்னச் சின்னக் கொட்டகைகளில் அடிபட்ட பிறகு, 1924-இல் மார்க்ஸ் சகோதரர்கள் பிராட்வே மேடையைப் பிடித்தார்கள். 1925 டிசம்பரில் 'தி கோகோநட்ஸ்' நாடகம் அரங்கேறியது. ஜார்ஜ் எஸ். காஃப்மன் எழுதியது. இசை இர்விங் பெர்லின்.

அந்த நாடகத்தின் களம் ஃபுளோரிடா. அப்போது அங்கே ரியல் எஸ்டேட் மோகம் தலைக்கேறியிருந்தது. சதுப்பு நிலத்தைக்கூட மனை என்று சொல்லி விற்றார்கள். நேரில் பார்க்காமலே அட்வான்ஸ் கொடுத்து, மறுவாரமே அடுத்தவர் தலையில் கட்டி லாபம் பார்த்தார்கள். மேடையில் க்ரௌச்சோவுக்கு அப்படி மனை விற்கும் ஹோட்டல்காரர் வேடம். ஒன்றுமில்லாத நிலத்தை வாய்ஜாலத்தால் ஏலம் விடும் காட்சியில் அரங்கமே அதிரும். 1926-இல் அந்த மோகம் உடைந்தது. செப்டம்பரில் மியாமியைத் தாக்கிய புயல் மிச்சம் மீதியையும் வாரிக்கொண்டு போனது.

ஊகவணிகம் என்றால் என்ன, அது எப்படி முடியும் என்பதை வாரம் எட்டுக் காட்சிகள் நடித்துக் காட்டியவர் அவர். ஆனால் வேஷத்தைக் கலைத்ததும் பங்குச் சந்தைக்கு ஓடினார். மனை விற்பவனின் பித்தலாட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. பங்கு விற்பவர்கள் கோட்டு சூட்டு போட்டிருந்ததால் அது தெரியவில்லை போல.

1928 அக்டோபரில் 'அனிமல் கிராக்கர்ஸ்' மேடையேறியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பகலில் 'கோகோநட்ஸ்' படப்பிடிப்பு, இரவில் நாடகம் என்று இரட்டை உழைப்பு. லாங் ஐலண்டின் கிரேட் நெக் பகுதியில் வீடு, மனைவி ரூத், மகன் ஆர்தர், மகள் மிரியம். தையல்காரர் மகன் பெரிய மனிதர் ஆகிவிட்டார். அந்தப் பெரிய மனிதர் நேரம் கிடைத்தபோதெல்லாம் உள்ளூர்ப் பங்குத் தரகரின் அலுவலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தார்.

அரட்டைக் கச்சேரி

அந்தக் காலத் தரகு அலுவலகம் எப்படி இருக்கும்? ஒரு பெரிய பலகை. அதில் பங்குகளின் விலையைச் சாக்பீஸால் எழுதி எழுதி அழிப்பார்கள். ஓரமாக டிக்கர் இயந்திரம் டக் டக்கென்று நாடாவைத் துப்பிக்கொண்டிருக்கும். எதிரே வரிசையாக நாற்காலிகள். பல் டாக்டர், இறைச்சிக் கடைக்காரர், ஓய்வுபெற்றவர், நடிகர் என்று பலரும் உட்கார்ந்து விலையைப் பார்ப்பார்கள். பார்ப்பதைவிடப் பேசுவது அதிகம். யாருக்கு எவ்வளவு லாபம், எந்தக் கம்பெனியை எது வாங்கப் போகிறது, யாருடைய மச்சான் எந்த வங்கியில் வேலை செய்கிறார் என்று அரட்டை ஓயாது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1929-இல் அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 12 கோடி. பங்குத் தரகரிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர்தான். அதிலும் கடனுக்குப் பங்கு வாங்கியவர்கள் சுமார் 6 லட்சம். அதாவது பங்கு வாங்கியவர்களைவிடப் பங்கைப் பற்றிப் பேசியவர்கள் பல மடங்கு. ஊரே பணக்காரர் ஆவது போன்ற தோற்றத்தை அந்தப் பேச்சுதான் உண்டாக்கியது. வெளியே நிற்பவருக்குத் தான் மட்டும் ஏமாளி என்று தோன்றும். உள்ளே போய்விடுவார்.

க்ரௌச்சோவுக்கு டிப்ஸ் கொடுக்க நண்பர்களுக்குப் பஞ்சமில்லை. நாடகத் தயாரிப்பாளர் மேக்ஸ் கோர்டன் அவருடைய உயிர்த் தோழர், கூடவே சந்தைக் கூட்டாளி. சக நகைச்சுவை நடிகர் எடி காண்டர் சொன்னார் என்று கோல்ட்மேன் சாக்ஸ் டிரேடிங் கார்ப்பரேஷன் பங்கை வாங்கினார். அது என்ன கம்பெனி? பிற கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதுதான் அதன் வேலை. 1928 டிசம்பரில் ஒரு பங்கு 104 டாலருக்கு வெளியானது. இரண்டே மாதத்தில் 222 டாலரைத் தாண்டியது. அது என்ன உற்பத்தி செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏறுகிறதா, போதும்!

லிஃப்டில் வந்த யோகம்

க்ரௌச்சோ 1959-இல் எழுதிய 'க்ரௌச்சோ அண்ட் மீ' என்ற சுயசரிதையில் இந்த நாட்களுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. நகைச்சுவையாளர் எழுதியது என்பதால் கொஞ்சம் மசாலா தூக்கலாக இருக்கலாம். ஆனாலும் அன்றைய மனநிலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பதிவுகள் குறைவு.

அதில் வரும் ஒரு சம்பவம் பாஸ்டன் நகரின் கோப்ளி பிளாசா ஹோட்டலில் நடக்கிறது. லிஃப்ட் இயக்கும் ஊழியர், சற்று முன் இரண்டு பெரும்புள்ளிகள் லிஃப்டில் ஏறியதாகவும், யுனைடெட் கார்ப்பரேஷன் பங்கில் கைக்கு எட்டிய பணத்தையெல்லாம் போடச் சொல்லி ஒருவர் மற்றவரிடம் பேசியதைத் தான் ஒட்டுக்கேட்டதாகவும் க்ரௌச்சோவிடம் சொல்கிறார்.

அந்தப் பெரும்புள்ளிகள் யார்? தெரியாது. அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் தெரியாது. பார்க்கப் பணக்காரர் மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான்.

க்ரௌச்சோ நேராக ஹார்ப்போவின் அறைக்கு ஓடினார். ஹார்ப்போ குளியல் அங்கியோடு காலை உணவில் இருந்தார். உடை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றவரை, அதற்குள் விலை ஏறிவிடும் என்று சொல்லி அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினாராம். ஹோட்டலின் கீழ்த்தளத்திலேயே ஒரு தரகு அலுவலகம் இருந்தது. அண்ணன் குளியல் அங்கியில், தம்பி மூச்சு வாங்க நிற்க, 1,60,000 டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு ஆர்டர் போட்டார்கள். கையிலிருந்து கட்டியது அதில் 25 சதவீதம் மட்டும்.

மீதி 75 சதவீதம்?

இங்கேதான் மார்ஜின் என்ற சங்கதி வருகிறது. 1,60,000 டாலர் பங்குக்கு 40,000 டாலர் நீங்கள் கட்டினால் போதும். மீதி 1,20,000 டாலரைத் தரகர் கடனாகக் கொடுப்பார். வாங்கிய பங்கே அந்தக் கடனுக்கு அடமானம். அன்று பல தரகர்கள் 10 சதவீதம் கட்டினாலே கணக்கைத் திறந்தார்கள்.

பங்கு விலை 25 சதவீதம் ஏறினால் 40,000 டாலர் லாபம். போட்ட பணம் இரட்டிப்பு. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அதே 25 சதவீதம் இறங்கினால், பங்கின் மதிப்பு 1,20,000. அது அப்படியே கடனுக்குச் சரியாகிவிடும். போட்ட 40,000 முழுக்கக் காலி. விலை இறங்க ஆரம்பித்ததுமே தரகர் மேலும் பணம் கட்டச் சொல்வார். கட்டாவிட்டால் உங்களைக் கேட்காமலே விற்றுவிடுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வேண்டிவந்தால் விலை இன்னும் விழும். அது அடுத்தவரின் கணக்கை உடைக்கும். சீட்டுக்கட்டு கோபுரம் சரிவது போலத்தான்.

இந்தியாவிலிருந்து வந்த ஆர்டர்

க்ரௌச்சோ முட்டாள் அல்ல. அவருக்கும் சந்தேகம் வந்தது. ஒரு கம்பெனியின் வருமானத்துக்கும், அது தரும் டிவிடெண்டுக்கும், பங்கு விலைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்க வேண்டாமா என்று தரகரிடமே கேட்டார். இன்றைக்கும் எந்த முதலீட்டாளரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

தரகர் சளைக்கவில்லை. இது இப்போது நியூயார்க் சந்தை இல்லை, உலகச் சந்தை என்றார். ஐரோப்பா, தென் அமெரிக்கா, கிழக்கு நாடுகள் என்று எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் குவிவதாகச் சொன்னார். அன்று காலையில்கூட, கிரேன் என்ற குழாய்ச் சாமான் கம்பெனியின் ஆயிரம் பங்குகள் கேட்டு இந்தியாவிலிருந்து ஆர்டர் வந்ததாக அடித்துவிட்டார்.

கேட்ட கேள்விக்கு அதில் பதில் எங்கே இருக்கிறது? இல்லை. வருமானம் பற்றிக் கேட்டால் தூரதேசம் பற்றிக் கதை. ஆனால் கதை ஜோராக இருந்தது. உலகமே வாங்குகிறதாமே! க்ரௌச்சோ அந்தக் குழாய்க் கம்பெனிப் பங்கிலும் ஆர்டர் போட்டுவிட்டு வந்தார்.

சரியான கேள்வியைக் கேட்டும், தவறான பதிலை ஏற்றுக்கொண்டார். மேடையில் இப்படி ஒரு தரகர் பேசியிருந்தால் க்ரௌச்சோ அவரை மூன்றே வசனத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். ஆனால் லாபம் வந்துகொண்டிருக்கும்போது அந்த நாக்கு எழவில்லை.

அடுத்தடுத்து இரண்டு இடிகள்

1929 செப்டம்பர் 3-ஆம் தேதி டவ் ஜோன்ஸ் குறியீடு 381.17 என்ற உச்சத்தைத் தொட்டது. அதே செப்டம்பரில் அம்மா மின்னி காலமானார். ஐந்து பிள்ளைகளையும் மேடையேற்றியே தீருவேன் என்று நின்று, அதைச் செய்தும் காட்டியவர். குடும்பம் அந்தத் துக்கத்திலிருந்து எழுவதற்குள் அக்டோபர் வந்தது.

அக்டோபர் 24, வியாழக்கிழமை. சுமார் 1 கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. டிக்கர் நாடா நான்கு மணி நேரம் பின்தங்கியது. பலகையில் தெரியும் விலை ஒன்று, சந்தையில் நடக்கும் விலை வேறு. தன்னிடம் இன்னும் பணம் மிச்சம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் ஜனங்கள் தரகு அலுவலகங்களில் நின்றார்கள். 28-ஆம் தேதி குறியீடு கிட்டத்தட்ட 13 சதவீதம் விழுந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை மேலும் 12 சதவீதம். அன்று மட்டும் 1 கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறின.

தரகர்களிடமிருந்து மார்ஜின் கேட்டு அழைப்பு மேல் அழைப்பு. க்ரௌச்சோ இருப்பதையெல்லாம் கட்டினார். விலை நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் மேக்ஸ் கோர்டனிடமிருந்து போன். ஆட்டம் முடிந்துவிட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வரி. வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார். அரட்டைக் கச்சேரியில் மணிக்கணக்கில் பேசியவர்கள்தான் இருவரும். கடைசியில் சொல்ல அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

க்ரௌச்சோ சொன்ன கணக்குப்படி அவர் இழந்தது 2,40,000 டாலர். அதை அவர் இன்னொரு விதமாகவும் கணக்குப் போட்டார். வாரம் 2,000 டாலர் வீதம் 120 வார உழைப்பு. அதற்கு மேல் இழக்காததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை, அதற்கு மேல் தன்னிடம் பணம் இல்லை என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். ஹார்ப்போவின் சேமிப்பும் போயிற்று.

கோல்ட்மேன் சாக்ஸ் டிரேடிங் பங்கு என்ன ஆனது? ஒரு பங்கை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அந்தப் பிரித்த பங்கின் விலை 1932-இல் சுமார் 1.75 டாலர். அதே ஆண்டு ஜூலையில் டவ் ஜோன்ஸ் 41.22-க்கு வந்தது. உச்சத்திலிருந்து 89 சதவீதம் சரிவு. 1929-இன் உச்சத்தைச் சந்தை மறுபடி தாண்டியது 1954 நவம்பரில்தான். இறங்கினால் ஏறிவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு, 25 ஆண்டுகள்!

ஜோக்குகள் செய்த வேலை

பணம் போன பிறகு அமெரிக்கா செய்தது என்ன தெரியுமா? ஜோக் அடித்தது. க்ரௌச்சோவுக்கு டிப்ஸ் கொடுத்த எடி காண்டரும் பெரும் பணத்தை இழந்தவர்தான். அவர் சரிவு நடந்த சூட்டோடு 'காட் ஷார்ட்' என்ற குட்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். முழுக்க வால் ஸ்ட்ரீட் ஜோக்குகள். கையில் சில்லறை மட்டும் மிஞ்சியிருந்தவர்களும் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள். காண்டர் கோல்ட்மேன் சாக்ஸ் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்கும் போட்டார். மேடையில் ஓர் ஆள் காய்ந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே வருவார். அவர் யார் என்று கேட்டால், அந்த நிறுவனத்தில் மார்ஜின் வசூலிக்கும் குமாஸ்தா என்பது காண்டரின் பிரபலமான ஜோக்குகளில் ஒன்று.

ஹோட்டலில் அறை கேட்பவரிடம், தூங்கவா குதிக்கவா என்று குமாஸ்தா கேட்பதாக இன்னொரு ஜோக் நாடெங்கும் சுற்றியது. அதைக் கேட்டுக் கேட்டு, வால் ஸ்ட்ரீட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் குதித்தார்கள் என்றே உலகம் நம்பிவிட்டது. பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் பிற்காலத்தில் புள்ளிவிவரங்களைப் புரட்டிப் பார்த்தார். அந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் நியூயார்க்கில் தற்கொலைகள் அப்படி எதுவும் பெருகவில்லை என்று தெரிந்தது. ஜோக் சரித்திரமாக மாறிய கதை அது.

'அனிமல் கிராக்கர்ஸ்' படத்தில் க்ரௌச்சோவின் ஒரு காட்சி இன்றும் பேசப்படுகிறது. திடீரென்று கேமராவைப் பார்த்து, ஏதோ சோக நாடகத்தின் கதாநாயகன் போலப் புலம்புவார். கால இருளில் விசித்திர உருவங்கள் தெரிவதாகச் சொல்வார். உருவத்துக்கும் எண்ணுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அடுத்த நொடி அந்த உருவங்கள் ஸ்டீல், அனகோண்டா, அமெரிக்கன் கேன் பங்குகளின் விலைகளாக மாறிவிடும். படம் வெளியானது 1930 ஆகஸ்டில். அந்த விலைகளின் ஆவி தன் தலையிலேயே சுற்றிக்கொண்டிருந்த மனிதர்தான் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

தூக்கம் போனது

வெளியே சிரிப்பு. உள்ளே? 1929-க்குப் பிறகு க்ரௌச்சோவுக்குத் தூக்கமின்மை நோய் வந்தது. கடைசிவரை அது முழுதாக விடவில்லை. பணத்தைத் திரும்பச் சம்பாதித்தார், தூக்கத்தைச் சம்பாதிக்க முடியவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை அவர் எழுந்த வேகம் அபாரம். 1931-இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 'மங்கி பிசினஸ்', 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்', 'டக் சூப்' என்று வரிசையாகப் படங்கள். 1932 ஆகஸ்டில் சகோதரர்கள் 'டைம்' இதழின் அட்டையில் வந்தார்கள். 1935-இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 'எ நைட் அட் தி ஓபரா'. பெருமந்த காலத்தில் வேலையிழந்த அமெரிக்கர்கள் சில்லறையைக் கொடுத்து தியேட்டருக்கு வந்து, பணக்காரர்களைக் கலாய்க்கும் இந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதற்கிடையே சந்தையின் விதிகளும் மாறின. 1934-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்க எஸ்.இ.சி. என்ற ஆணையம் வந்தது. மார்ஜின் எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குப் போனது. 1974 முதல் அங்கே பங்கு வாங்குபவர் குறைந்தது பாதிப் பணத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 10 சதவீதத்தில் குதித்துவிடும் காலம் முடிந்தது.

சிக்கோவின் சூதாட்டம் மட்டும் மாறவில்லை. 1946-இல் 'எ நைட் இன் காசாபிளாங்கா' படத்தை எடுத்ததற்கு அவருடைய கடன்களும் ஒரு காரணம். அண்ணனுக்காகத் தம்பிகள் மீண்டும் வேஷம் கட்டினார்கள். பிறகு அவருடைய வருமானத்தைத் தாங்களே வாங்கி வைத்து, செலவுக்கு மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள்.

யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது

1947-இல் வானொலியில் 'யூ பெட் யுவர் லைஃப்' என்ற வினாடி வினா நிகழ்ச்சியைத் தொடங்கினார் க்ரௌச்சோ. 1950-இல் அது தொலைக்காட்சிக்கும் வந்து 1961 வரை ஓடியது. சாதாரண மனிதர்களோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பதுதான் அதன் உயிர். பேச்சுக்கு நடுவே ரகசியச் சொல்லைப் போட்டியாளர் தற்செயலாகச் சொல்லிவிட்டால், மேலேயிருந்து ஒரு பொம்மை வாத்து 100 டாலரோடு இறங்கும்.

எல்லாப் பணத்தையும் தோற்றவர்களுக்கும் அதில் ஒரு வழி இருந்தது. ஆறுதல் பரிசுக்கு ஒரு கடைசிக் கேள்வி. கிராண்ட் சமாதியில் இருப்பது யார் என்பது போன்ற, கேள்வியிலேயே பதில் உள்ள கேள்விகள். யாரும் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

சொந்தப் பணத்தில் க்ரௌச்சோ அதன்பின் ஜாக்கிரதைக்காரர். வயதான காலத்தில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனபோது, பணத்தை எதில் போட்டிருக்கிறீர்கள் என்று தரகர்கள் கேட்டதாகவும், அரசாங்கக் கடன் பத்திரங்களில் என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது. அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காதே என்றார்களாம். நிறைய வைத்திருந்தால் கிடைக்கும் என்று பதில் வந்ததாம்.

1965-இல் அவருடைய கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கவிஞர் டி.எஸ். எலியட்டோடு கடிதம் எழுதிக்கொண்ட நட்பும் அதில் உண்டு. 1974-இல் கௌரவ ஆஸ்கர் விருது. 1977 ஆகஸ்ட் 19-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில், 86-ஆம் வயதில் காலமானார். மூன்று நாள் முன்புதான் எல்விஸ் பிரெஸ்லி மறைந்திருந்தார். செய்தித்தாள்களின் பக்கங்கள் அவருக்காக நிறைந்திருந்ததால், க்ரௌச்சோவின் மறைவு சற்று ஓரமாகவே வந்தது.

அவர் கதை சொல்வது என்ன?

அரட்டையும் ஜோக்கும் தப்பே இல்லை. பணத்தை இழந்தவர்களுக்கு 1929-க்குப் பிறகு மிஞ்சிய ஒரே மருந்து அதுதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காகப் பேசிய பேச்சு, எந்த நிமிடத்தில் முதலீட்டு ஆலோசனையாக மாறுகிறது என்பது பேசுபவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அந்த லிஃப்ட் ஊழியர் ஏமாற்றுக்காரர் இல்லை. எடி காண்டரும் இல்லை, தானும் இழந்தார். மேக்ஸ் கோர்டன் கடைசிவரை நண்பர்தான். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நல்ல எண்ணம் வேறு, தகவல் வேறு.

க்ரௌச்சோ தரகரிடம் கேட்ட அந்தக் கேள்வி மிகச் சரியானது. கம்பெனி எவ்வளவு சம்பாதிக்கிறது, அதற்கு இந்த விலை நியாயமா? பதில் வரும்வரை அவர் பர்ஸை மூடி வைத்திருந்தால், 120 வாரச் சம்பளம் மிஞ்சியிருக்கும். கொஞ்சம் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.